பைத்தானுக்கு அப்புறம் சியா, ரஸ்ட்டா, ஜிக்கா? புழங்கிப் பார்த்தவனின் விமர்சனம்

"பைத்தான் நன்றாக வருகிறது, ஜாவாஸ்கிரிப்ட்டும் ஓரளவு வரும், இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசை, எந்த மொழியை எடுக்கலாம்?" இப்படி யாராவது கேட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். சி தெரியாதவன் எல்லாம் புரோகிராமரா என்று ஒரு கோஷ்டி, இந்தக் காலத்தில் போய் யாராவது சி படிப்பார்களா, நேராக ரஸ்ட்டுக்குப் போ என்று இன்னொரு கோஷ்டி, நடுவில் ஒருத்தர் ஜிக் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார், கேட்டவர் பாவம் பைத்தானிலேயே இருந்துவிடுவார்.

எனக்கு இந்தச் சண்டையில் கட்சி இல்லை. மூன்றையும் கடையில் வாங்கிய பொருளைப் போல வைத்துத்தான் எழுதப் போகிறேன். பிரித்ததும் கைக்கு என்ன வருகிறது, எங்கே வெட்டும், வெட்டினால் யார் கட்டுப் போடுவார்கள், அவ்வளவுதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம்: முதலில் சி, ஓரிரு மாதம் போதும், ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிற சி வேண்டாம். அதற்கப்புறம் ரஸ்ட். சியில் வேலைக்குப் போகச் சொல்லவில்லை, ரஸ்ட் எதற்காக அத்தனை கெடுபிடி செய்கிறது என்று புரிவதற்காகத்தான் சி. (கோ மொழியையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். நல்ல மொழிதான், ஆனால் பயன்படுத்தி முடித்த மெமரியை அதுவே சுத்தம் செய்துகொள்கிறது. நாம் பார்க்க வந்ததே அந்த இடத்தைத்தான், அதனால் இங்கே அதைப் பேசவில்லை.)

சி 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. 1989-இல் தரப்படுத்தியபோது அதில் மொத்தம் 32 கீவேர்டுகள்தான் இருந்தன, பிறகு இன்னும் சேர்ந்தாலும் மொழி இப்போதும் சின்னதுதான். மொழியை முழுதாக மண்டைக்குள் வைத்துக்கொள்ள முடியும் என்பது முதல் கீழ்மட்ட மொழிக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது சி பிளஸ் பிளஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லினக்ஸ் கெர்னல், கிட், எஸ்க்யூஎல்லைட் எல்லாம் சிதான், நீங்கள் தினமும் ஓட்டுகிற பைத்தான் இன்டர்பிரெட்டரும் சியில் எழுதியதுதான். பைத்தானில் ஒன்று என்ற எண்ணின் அளவைக் கேட்டுப் பாருங்கள், 64 பிட் மெஷினில் 28 பைட் என்று சொல்லும். சியில் அதே எண் 4 பைட். மிச்சம் 24 பைட்டில் என்ன இருக்கிறது என்று தேடிப் போனால் ரெஃபரன்ஸ் கவுண்ட், டைப், நீளம் என்று வரிசையாக வரும், போகிற வழியில் பைத்தானின் உள்ளேயும் பார்த்துவிடலாம்.

இப்போது குறை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி லேபில் சி படித்த பலருக்குச் சி என்றாலே ஒரு நீலத் திரை ஞாபகம் வரும். 1990களின் தொடக்கத்தில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக வந்த டர்போ சி பிளஸ் பிளஸ் கம்பைலர், அதை இன்றைய விண்டோஸில் நேராக ஓட்ட முடியாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டருக்குள் வைத்து ஓட்டுவார்கள். முதல் வரியில் கோனியோ ஹெட்டர், வாய்ட் மெயின், உடனே ஒரு கிளியர் ஸ்கிரீன், கடைசியில் ஒரு கெட்ச். இதில் எதுவும் சி தரத்தில் இல்லை, லினக்ஸில் கொண்டுபோய்ப் போட்டால் கோனியோவே கிடைக்காது. அந்தக் கம்பைலரில் இன்ட் 16 பிட், 30000-த்தையும் 30000-த்தையும் கூட்டினால் -5536 வரும். நான் படித்த லேபில் இப்படி ஒரு விடை வந்தபோது "வேறு இன்புட் கொடுத்துப் பார்" என்றுதான் பதில் கிடைத்தது. ஏன் அப்படி வருகிறது என்பதுதான் பாடமே, அதை விட்டுவிட்டார்கள். சி பிடிக்காமல் போனவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காமல் போனது சி இல்லை, அந்த லேப்தான் என்பது என் கட்சி (கட்சி இல்லை என்று சொன்னேன், இது ஒன்று இருக்கிறது).

சியை எப்படி ஓட்ட வேண்டும் என்பதற்கு ஒரே நிபந்தனை. கம்பைலர் ஜிசிசியோ கிளாங்கோ எதுவானாலும் பெரும்பாலான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் 'வால்' (-Wall), 'எக்ஸ்ட்ரா' (-Wextra) இரண்டு ஃபிளாக்குகளையும் போடுங்கள், கூடவே மெமரித் தப்புகளை ஓடும்போதே பிடிக்கிற அட்ரஸ் சானிடைசரைப் (-fsanitize=address) போடுங்கள், டீபக் தகவலுக்கான 'ஜி'யையும் (-g) மறக்காதீர்கள். இவை இல்லாமல் சி கற்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். ஐந்து இடம் கொண்ட ஓர் இன்ட் அரே எடுத்து, அதை நிரப்பும் லூப்பில் ஐந்தைவிடக் குறைவு என்று எழுத வேண்டிய இடத்தில் குறைவு அல்லது சமம் என்று எழுதிப் பாருங்கள். வெறுமனே கம்பைல் செய்து ஓட்டினால் பெரும்பாலும் சத்தமே இருக்காது, சில சமயம் பக்கத்து வேரியபிளின் மதிப்பு மாறியிருக்கும், சில சமயம் லூப் முடியவே முடியாது, எது நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அதையே சானிடைசரோடு ஓட்டினால் புரோகிராம் அந்த நொடியில் நின்று, சிவப்பு எழுத்தில் ஸ்டாக் பஃபர் ஓவர்ஃப்ளோ என்று கத்தும், 4 பைட் எழுதப் பார்த்தாய், இன்ன ஃபைலில் இன்ன வரியில், அந்த அரேயின் 20 பைட் முடிந்த இடத்துக்குச் சரியாக அடுத்து என்று சொல்லும், கீழே அந்தப் பகுதி மெமரியின் வரைபடத்தையும் போட்டுக் காட்டும். முதல் தடவை அந்த வரைபடம் கிரேக்கமாக இருக்கும், பத்துப் பதினைந்து தடவை பார்த்தால் ஸ்டாக்கில் (ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிள்களுக்கான மெமரியில்) வேரியபிள்கள் எப்படி அடுக்கி இருக்கின்றன என்று கண்ணிலேயே தெரிய ஆரம்பிக்கும். இது ஜிசிசியில் 2013-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்தே இருக்கிறது, புரோகிராமை ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாக்கும், கற்கிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இருந்தும் பல பாடத்திட்டங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அடுத்து, தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு பயிற்சி. சியில் 'தமிழ்' என்ற சொல்லை ஒரு ஸ்டிரிங்கில் வைத்து, நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 15. நாம் எண்ணினால் மூன்று எழுத்து, பைத்தானின் லென் கேட்டால் 5 என்கிறது, சி 15 என்கிறது, மூன்று பேரும் சொல்வது சரிதான். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடில் ஐந்து குறிகள், யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், சி எண்ணுவது பைட்டை மட்டும். இப்போது முதல் பைட்டை எடுத்து அதை எண்ணாக அச்சடியுங்கள். சாதாரண இன்டெல் லேப்டாப்பில் -32 வரும். எழுத்துக்கு ஏது கழித்தல் குறி என்று குழம்பினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். உண்மையான மதிப்பு 224, ஆனால் அந்த மெஷினில் கேரக்டர் டைப்புக்குக் குறி உண்டு, அதனால் 224 போய் -32 ஆகிறது. அதே புரோகிராமை ஆண்ட்ராய்ட் போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப்பைப் போட்டு, அங்கே கிளாங் நிறுவி ஓட்டுங்கள், 224 என்றே வரும், ஏனென்றால் அங்கே கேரக்டருக்குக் குறி கிடையாது. ஒரு எழுத்து மாற்றாத ஒரே புரோகிராம், இரண்டு விடை, இரண்டும் தரப்படி செல்லும். கீழ்மட்டம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை நானாக விளக்கி இருந்தால் இரண்டு பத்தி எடுத்திருக்கும்.

இதே சொல்லை ரஸ்ட்டுக்குக் கொண்டுபோனால் அந்த மொழியின் குணம் தெரியும். நீளம் கேட்டால் அதுவும் 15 என்றுதான் சொல்லும், கேரக்டர்களாகப் பிரித்து எண்ணு என்றால் 5. ஆனால் முதல் பைட்டை மட்டும் ஒரு ஸ்டிரிங் துண்டாக வெட்டிக் கொடு என்று கேட்டால் கொடுக்காது, அது எழுத்தின் எல்லை இல்லை என்று சொல்லிப் புரோகிராமை நிறுத்திவிடும். சி அந்த உடைந்த பைட்டை அப்படியே கையில் கொடுத்து, திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரிந்தால் அது உன் பாடு என்று போய்விடும்.

ரஸ்ட்டை கிரேடன் ஹோர் 2006 வாக்கில் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கினார், மொசில்லா பிறகு எடுத்து வளர்த்தது, 1.0 பதிப்பு 2015 மே மாதம் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் கிடைப்பதில் மற்ற இரண்டும் இதற்குக் கிட்டே வராது. கம்பைலர், கார்கோ என்ற பேக்கேஜ் மேனேஜர், டெஸ்ட் ஓட்டும் வசதி, எழுதிய புரோகிராமைச் சீராக்கும் கருவி, ஏன், மொழியின் முழுப் புத்தகமுமே நிறுவும்போது சேர்ந்து வருகிறது, நெட் இல்லாமலும் திறந்து படிக்கலாம். சியில் ஒரு வெளி லைப்ரரியைச் சேர்க்க மேக் ஃபைலோடு மல்லுக்கட்டியவர்கள் கார்கோவைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

பிழைச் செய்திகள் அடுத்த அதிசயம். ஒரு ஸ்டிரிங்கை 'எஸ்' என்ற வேரியபிளில் வைத்து, அதை 'டி'க்குக் கொடுத்துவிட்டு, மறுபடி 'எஸ்'ஸை அச்சடிக்கப் போனால் ஈ0382 என்ற பிழை வரும். உன் புரோகிராமின் அந்த மூன்று வரிகளையும் எடுத்துப் போட்டு, இங்கே பொருள் கைமாறியது, இங்கே கைமாறியதைக் கேட்கிறாய் என்று ஒவ்வொரு இடத்தின் அடியிலும் கோடு போட்டுக் காட்டி, வேகம் குறைந்தால் பரவாயில்லை என்றால் குளோன் (முழு நகல்) செய்து கொள் என்று வழியும் சொல்லும். இன்னும் புரியவில்லையா, அந்த எண்ணைக் கொடுத்து விளக்கு என்று கேட்டால் உதாரணத்தோடு பெரிய விளக்கம் வரும். இவ்வளவு பொறுமையான வாத்தியார் எனக்குக் கல்லூரியில் கிடைத்ததில்லை.

அப்படியானால் நேராக ரஸ்ட் ஏன் கூடாது? பைத்தானிலிருந்து நேராக வருகிறவருக்கு அந்தப் பிழைச் செய்தி முழுதாகப் புரியும், ஆனால் அந்த விதி எதற்கு என்று புரியாது. ஒரு வேரியபிளை இன்னொன்றில் வைத்தால் பழையது ஏன் செல்லாமல் போக வேண்டும்? பைத்தானில் அப்படி ஒரு பிரச்சினையே இல்லையே? சியில் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய பொதி) ஒரு பாயிண்டர் (மெமரி முகவரி) வைத்து, அந்த ஸ்ட்ரக்ட்டை இன்னொன்றில் நகலெடுத்து, இரண்டின் மெமரியையும் தனித்தனியாக ஃப்ரீ செய்து (திருப்பிக் கொடுத்து), டபுள் ஃப்ரீ என்று சானிடைசர் திட்டக் கேட்டவருக்கு ரஸ்ட்டின் அந்த விதி கெடுபிடியாகத் தெரியாது. ஓ, இதற்குத்தானா என்று தோன்றும். அது தெரியாமல் போகிறவர்கள் பாரோ செக்கர் (இந்தச் சொந்த விதிகளைச் சரிபார்க்கும் கம்பைலரின் பகுதி) கத்துகிற இடத்தில் எல்லாம் குளோன், குளோன் என்று தெளித்து வாயை அடைத்துவிடுகிறார்கள், புரோகிராம் ஓடும், கற்க வந்தது மட்டும் நடக்காது.

இன்னொரு சின்ன உதாரணம், நேரம் இருந்தால் செய்து பாருங்கள். சியில் ஒரு கேரக்டர், ஒரு இன்ட், இன்னொரு கேரக்டர் என்று இதே வரிசையில் ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி அளவு கேளுங்கள். கூட்டினால் 6, வருவது 12. இன்ட்டை முதலில் வைத்தால் 8. இன்ட் 4-ஆல் வகுபடும் முகவரியில்தான் உட்காரும் என்பதால் நடுவிலும் கடைசியிலும் காலியிடம் விட வேண்டியிருக்கிறது. இதே அளவுள்ள வகைகளை (யு8, ஐ32, யு8) ரஸ்ட்டில் எந்த வரிசையில் கொடுத்தாலும் 8-தான் வரும், ஃபீல்டுகளை அதுவே நகர்த்தி வைத்துக்கொள்கிறது. நல்ல வேலைக்காரன். ஆனால் அப்படி ஒரு வேலை நடந்தது என்பதே சியைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ரஸ்ட்டின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கம்பைல் மெதுவாக ஆகும். டார்கெட் என்ற ஃபோல்டர் ஜிபி கணக்கில் ஊதும், நாலைந்து புராஜெக்ட் இருந்தால் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று லேப்டாப் அழும். 4 ஜிபி ராம் வைத்துக்கொண்டு எடிட்டரில் பிழை காட்டி உதவும் ரஸ்ட் அனலைசரையும் ஓட்டுவது கஷ்டம். டபுளி லிங்க்டு லிஸ்ட் எழுதிப் பார்க்கலாம் என்று ஆரம்பத்திலேயே உட்காராதீர்கள். சியில் கை போன போக்கில் வருகிற அந்த விஷயம், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால், ரஸ்ட்டின் ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர் என்ற விதியோடு நேராக மோதும்.

சியில் கற்றதை வைத்துச் சியிலேயே எதையாவது கட்டி நெட்டில் விடலாமா என்றால், புதிதாகத் தொடங்குகிற எதற்கும் நான் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட்டும் கூகுளின் குரோம் குழுவும் தத்தம் பக்கத்துப் பாதுகாப்பு ஓட்டைகளைத் தனித்தனியாக எண்ணிப் பார்த்தன, இரண்டு இடத்திலும் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தப்பாகக் கையாண்டதால் வந்தவை. 2014-இல் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை, எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, ஒவ்வொரு கேள்விக்கும் 64 கேபி வரை பக்கத்து மெமரியை அள்ளிக் கொடுத்தது. நீங்கள் அரேயில் சமம் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கு நெருங்கிய சொந்தம்தான். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்ததும் இதனால்தான்.

ஜிக் பற்றிச் சுருக்கமாக. ஆண்ட்ரூ கெல்லி தொடங்கிய மொழி, சியின் இடத்தைப் பிடிக்க வந்தது, மறைவாக எதுவும் நடக்காது என்பது அதன் வாக்குறுதி, எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஜிக்லிங்ஸ் என்ற சின்னச் சின்னப் பிழைதிருத்தப் பயிற்சிகள் அருமை. ஆனால் இன்னும் 1.0 வரவில்லை, ஒவ்வொரு பதிப்பிலும் எதையாவது மாற்றுகிறார்கள், 2025-இல் 0.15 வந்தபோது இன்புட் அவுட்புட் பகுதியையே திருத்தியதில் பழைய பாடங்களில் இருந்த அச்சடிக்கும் உதாரணங்களே ஓடாமல் போயின. முதல் கீழ்மட்ட மொழி கற்கிறவருக்குப் பிழை தன்னுடையதா, பாடம் பழசானதா என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

சி பிளஸ் பிளஸ்: விளையாட்டு எஞ்சினோ டிரேடிங்கோ வேலை என்று முடிவு செய்தவர்கள் போகலாம், மற்றவர்கள் முதல் கீழ்மட்ட மொழியாகத் தொட வேண்டாம்.

எதை வைத்துப் படிப்பது? சிக்கு கெர்னிஹானும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தை எல்லோரும் சொல்வார்கள், 1988-இல் வந்த இரண்டாம் பதிப்புதான் கடைசி. எழுத்து சிக்கனம், பயிற்சிகள் இன்றும் முதல் தரம், ஆனால் இன்று நமக்குத் தெரிந்த ஆபத்துகளைப் பற்றி அது அதிகம் பேசாது, அதனால் பயிற்சிகளை மட்டும் அதிலிருந்து எடுத்து சானிடைசரோடு ஓட்டுங்கள். வீடியோ வேண்டுமென்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 இலவசம், அதில் மெமரிக்கென்று ஒதுக்கிய வாரத்தை மட்டும் பார்த்தாலே செலவழித்த நேரத்துக்குப் பலன். தமிழில் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டியூட்டோரியலில் சி பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன, கொஞ்சம் பழைய பாணி, வேகம் ஆமை வேகம், ஆனால் டர்போ சி கிடையாது, லினக்ஸில் ஜிசிசி வைத்துத்தான் சொல்கிறார்கள். அதற்கே ஒரு கும்பிடு. ரஸ்ட்டுக்கு மேலே சொன்ன கூட வருகிற புத்தகமும் ரஸ்ட்லிங்ஸ் பயிற்சிகளும் போதும், எங்கேயும் காசு கட்டாதீர்கள்.

புத்தகத்தோடு நிறுத்தாமல் எதையாவது கட்டுங்கள். வரி, சொல், எழுத்து எண்ணும் சின்ன புரோகிராம், தானாக வளர்கிற அரே, ஹேஷ் டேபிள், புது புராசஸ் தொடங்க உதவும் ஃபோர்க்கும் எக்ஸெக்கும் வைத்து ஒரு குட்டி ஷெல், இந்த வரிசை எனக்குத் தெரிந்தவரை நன்றாக வேலை செய்கிறது. ஷெல் ஓட ஆரம்பித்ததும் சியை மூடிவைத்துவிட்டு அதே ஹேஷ் டேபிளை ரஸ்ட்டில் எழுதுங்கள். இந்த நாட்களில் ஏஐ உதவியாளரை எடிட்டரில் அணைத்து வையுங்கள். சந்தேகம் கேட்கலாம், கோட் வாங்கக் கூடாது. பாயிண்டரைக் காகிதத்தில் கட்டமும் அம்புக்குறியும் போட்டு வரையாமல் யாருக்கும் அது பிடிபட்டு நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது பிரவுசரின் பக்கத்து டேபில் கம்பைலர் எக்ஸ்புளோரர் திறந்திருக்கட்டும். மேட் காட்போல்ட் 2012-இல் ஆரம்பித்த இலவச சேவை, இடது பக்கம் கோட், வலது பக்கம் அதற்கு வருகிற அசெம்பிளி, எந்த வரி எதுவாக ஆனது என்று வண்ணம் போட்டுக் காட்டும். ஒன்றிலிருந்து 'என்' (n) வரை கூட்டுகிற லூப்பை எழுதி, கிளாங்கில் வேகப்படுத்தச் சொல்லும் 'ஓ2' (-O2) ஃபிளாக்கைப் போட்டுப் பாருங்கள். வலது பக்கம் லூப்பே இருக்காது, ஒரு பெருக்கலை வைத்து விடையை நேராகக் கணக்கிட்டிருக்கும். ஜிசிசிக்கு மாற்றினால் லூப் திரும்பி வந்துவிடும்.

யாருக்கு என் தீர்ப்பு ஒத்துவராது? ஆபீசில் அடுத்த மாதம் ரஸ்ட் புராஜெக்டில் போடப்போகிறார்கள் என்றால் நேராக ரஸ்ட்டுக்குப் போங்கள், இடையில் சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் சியைத் தொட்டுக்கொள்ளலாம். மைக்ரோ கன்ட்ரோலர், எம்பெடட் பக்கம் போகிறவர்கள் சியை இரண்டு மாதத்தில் மூடிவைக்க முடியாது, அவர்களுக்கு அதுதான் சோறு.

மெஷின் விஷயம். லினக்ஸ் வைத்திருந்தால் வேலை சுலபம். விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் ஜிசிசி நிறுவிக்கொள்ளுங்கள், விண்டோஸில் நேரடியாக ரஸ்ட் நிறுவப் போனால் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் கேட்டுப் பல ஜிபி இறக்கும், மொபைல் டேட்டாவில் இருக்கிறவர்கள் ஜாக்கிரதை. மேக்கில் ஆப்பிளின் கிளாங்கோடு அட்ரஸ் சானிடைசர் சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் தேட வேண்டாம். லேப்டாப்பே இல்லாத மாணவர்கள் ஒரு ப்ளூடூத் கீபோர்டும் டெர்மக்ஸும் இருந்தால் சி மொழிப் பகுதியைப் பெரும்பாலும் போனிலேயே முடித்துவிடலாம், ரஸ்ட் அங்கே ஓடும், ஆனால் போன் சூடாகும்.